சிக்னலில் அணையாத வண்டி

அம்மாதான் முதலில் கவனித்தார். 2024 டிசம்பரில் ஒரு மாலை, மயிலாப்பூருக்குப் போகும் வழியில் மத்திய கைலாஷ் சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம். சிவப்பு விளக்கில் நூற்றுச் சொச்சம் நொடி பாக்கி. பின் இருக்கையிலிருந்து, "வண்டியைச் சரிசெய்துவிட்டாயா?" என்று கேட்டார். எதைச் சொல்கிறார் என்று புரியவில்லை. "முன்பெல்லாம் சிக்னலுக்கு சிக்னல் அணைந்து அணைந்து போகுமே. இப்போது அணைவதே இல்லையே" என்றார், பெரிய நிம்மதியோடு.

அது கோளாறு இல்லை, ஸ்டார்ட்-ஸ்டாப் என்ற வசதி என்று நான்கு ஆண்டுகளாக அவருக்கு விளக்கி ஓய்ந்திருந்தேன். வண்டி நின்றதும் இன்ஜின் தானாக அணையும், கிளட்சை மிதித்தால் தானாக உயிர்பெறும், பெட்ரோல் மிச்சம். அம்மாவின் கணக்கில், நடுச்சாலையில் அணைகிற வண்டி கெட்ட வண்டி. அணையாத வண்டி நல்ல வண்டி. அவர் சரியாகிவிட்டதாக நினைத்த நாளில்தான் அது உண்மையில் கெட்டுப்போயிருந்தது.

எப்போதிலிருந்து என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஏனென்றால் ஸ்டார்ட்-ஸ்டாப்பை நான் ஒருநாளும் விரும்பியவன் அல்லன். காலையில் வண்டியை எடுத்ததும் கியர் தண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் 'ஏ' பொத்தானை அமுக்கி அதன் வாயை அடைத்துவிடுவேன். ஒவ்வொரு முறை சாவி திருப்பும்போதும் அது தானாகத் திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் அமுக்குவேன். கோயில் பை, குடை, தண்ணீர் பாட்டில் என்று அம்மாவை ஏற்றி உட்காரவைக்கிற நாளில் மட்டும் அது மறந்துபோகும். ஆகவே எங்கள் வீட்டில் அந்த வசதியை அனுபவித்தவர் அம்மா ஒருவர்தான்.

அடுத்த வாரம் மீட்டர் பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. வட்டத்துக்குள் 'ஏ', குறுக்கே ஒரு கோடு, கீழே 'சிஸ்டத்தைப் பரிசோதிக்கவும்' என்ற வாசகம்.

இந்த இடத்தில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் நான் ஒரு மாதம் வீணாக்கினேன். ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாமல் இருப்பது இரண்டு விதம். ஒன்று, மறுப்பு. 'இப்போது அணைக்க மாட்டேன்' என்று வண்டி அமைதியாகச் சொல்லும்; விளக்கு சாம்பல் நிறத்தில் இருக்கும் அல்லது எரியவே எரியாது. இன்னொன்று, புகார். மஞ்சள் விளக்கு வரும், நினைவில் ஒரு பிழைக் குறியீடு பதிவாகும். மறுப்பு என்றால் வண்டிக்குத் தன் நிலைமை தெரிகிறது என்று பொருள். புகார் என்றால், வண்டி எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறொன்று. என்னுடையது மறுப்பில் தொடங்கிப் புகாராக முற்றியது. ஏன் முற்றியது என்பதில்தான் கதை முழுவதும் இருந்தது. ஆனால் அன்று அதைக் கேட்கத் தோன்றவில்லை.

மறுப்புக்குக் காரணங்கள் ஏராளம். வண்டியோடு கொடுத்த கையேட்டை முதன்முறையாக நிதானமாகப் படித்தேன். ஓட்டுநர் சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும், கதவும் பானெட்டும் மூடியிருக்க வேண்டும், இன்ஜின் போதிய சூட்டில் இருக்க வேண்டும், பிரேக்குக்கு வேண்டிய வெற்றிடம் இருக்க வேண்டும், வண்டி செங்குத்தான சரிவில் நிற்கக் கூடாது, ஏ.சி. அதிகமாக உழைத்துக்கொண்டிருக்கக் கூடாது. கடைசியில் ஒரே வரி: பேட்டரியில் போதிய சார்ஜ் இருக்க வேண்டும். பத்து நிபந்தனைகளில் ஒன்றாக, ஓரத்தில்.

ஏ.சி. நிபந்தனை சென்னையில் பெரிய திசைதிருப்பி. இன்ஜின் அணைந்தால் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸரும் நின்றுவிடும். ஊதுவிசிறி மட்டும் சுற்றும். மே மாத மதியத்தில் 18 டிகிரி வைத்து உட்கார்ந்திருப்பவனுக்கு வண்டி அணைய மறுப்பது கருணையே தவிரக் கோளாறு இல்லை. 'இந்த ஊர் வெயிலுக்கு இதெல்லாம் இப்படித்தான்' என்று நண்பர்கள் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பியிருப்பேன். ஆனால் அது மார்கழி.

ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஏ.சி.யை முழுவதும் அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, குரோம்பேட்டையிலிருந்து கிளம்பினேன். இன்ஜின் சூடேறக் கால் மணி நேரம் ஓட்டினேன். அந்நேரத்தில் பாதி சிக்னல்கள் மஞ்சளில் கண்சிமிட்டிக்கொண்டிருந்ததால் நிற்பதற்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது; பல்லாவரத்தில் ஒரு டீக்கடை எதிரே நின்றேன். நியூட்ரல், கிளட்சிலிருந்து கால் எடுத்தாயிற்று, பெல்ட் போட்டிருக்கிறது, கதவு மூடியிருக்கிறது, சமதரை, குளிர்ந்த காற்று. வண்டி அணையவில்லை. டீ வாங்க இறங்க முடியாது, கதவைத் திறந்தால் நிபந்தனை மீறிவிடும். கடைக்காரர் என்னை விநோதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிபந்தனைகளில் எட்டு அந்த ஐந்து நிமிடத்தில் அடிபட்டுப் போயின.

அதற்குள் சர்வீஸ் நிலையத்துக்கு ஒருமுறை போய்வந்திருந்தேன். கம்ப்யூட்டரை மாட்டிப் படித்தார்கள். பி0562 என்ற பிழைக் குறியீடு ஒன்று, அதாவது மின்னமைப்பின் வோல்டேஜ் தாழ்வு. கூடவே, ஒரு கணினி இன்னொரு கணினியோடு தொடர்பை இழந்ததாக மூன்று நான்கு குறியீடுகள். பார்க்கும்போது வண்டியின் மூளையே கலங்கிவிட்டது போலிருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். மூன்று நாள் நன்றாக இருந்தது. நான்காம் நாள் மஞ்சள் விளக்கு திரும்பியது. இரண்டாம் முறை போனபோது கிளட்ச் சுவிட்சையும் பிரேக் வெற்றிட சென்சாரையும் மாற்றிப் பார்க்கலாம் என்று ஒரு மதிப்பீட்டுத் தாளை நீட்டினார்கள். பேட்டரி பற்றிக் கேட்டேன். "செல்ஃப் நன்றாகத்தானே எடுக்கிறது சார்?" என்றார் அந்த இளைஞர்.

அந்தக் கேள்வி என்னையும் மடக்கிவிட்டது. நம் ஊரில் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு செல்ஃப் என்றே பெயர். செல்ஃப் எடுத்தால் பேட்டரி நல்லது, எடுக்காவிட்டால் பேட்டரி போயிற்று என்பது அம்பாசிடர் காலத்து இலக்கணம். அந்த இலக்கணத்துக்குள் ஸ்டார்ட்-ஸ்டாப் அடங்காது. மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினைச் சுற்றிவிட அப்படியொன்றும் பெரிய பலம் வேண்டியதில்லை. பாதி செத்த பேட்டரிகூட ஒரு முறை, இரண்டு முறை சுற்றிக் காட்டிவிடும். ஆனால் ஸ்டார்ட்-ஸ்டாப் கேட்கிற கேள்வி வேறு: 'இப்போது இன்ஜினை அணைத்தால், விளக்கு, விசிறி, திரை எல்லாவற்றையும் ஒன்றரை நிமிடம் நீயே சுமந்துவிட்டு, அதற்கப்புறமும் ஒரே மிதியில் எழுப்ப முடியுமா?' நடுச்சாலையில் எழுப்ப முடியாமல் போனால் பின்னால் நிற்கும் லாரி காத்திருக்காது. ஆகவே சந்தேகம் வந்தாலே அணைக்காது. செல்ஃப் தடுமாறுவதற்குப் பல மாதங்கள் முன்பே இது தயங்கத் தொடங்கிவிடும். நான் தினமும் வாயடைத்து வைத்திருந்தது இந்தத் தயக்கத்தைத்தான்.

மல்டிமீட்டர் எடுத்தேன். முதல் தவறு, ஒரு பயணம் முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு அளந்தது. 12.6 வோல்ட் காட்டியது. ஆறு அறைகள், அறைக்கு 2.1, நிறைந்த பேட்டரிக்கு உரிய அளவு. சந்தோஷமாக மூடிவிட்டுப் படுத்தேன். அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது என்று பின்னால் தெரிந்தது. அப்போதுதான் சார்ஜ் ஏறிய பேட்டரியின் தகடுகளின் மேற்பரப்பில் மட்டும் ஒரு மினுமினுப்பு நிற்கும். மேலே நுரை, கீழே காலி. சில மணி நேரம் ஓய்ந்தால்தான் உண்மை நிலை தெரியும். அவசரம் என்றால் முகப்பு விளக்கை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்துச் சற்றுப் பொறுத்து அளக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வியாழன் இரவு நிறுத்தியதிலிருந்து தொடாத வண்டியின் பானெட்டைத் திறந்து அளந்தபோது 12.21. அது ஏறத்தாழ பாதிச் சார்ஜ். பிறகு மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் 'MIN' பொத்தானை மீட்டரில் அழுத்தி, முனைகளைப் பேட்டரியிலேயே பிடித்துக்கொண்டு, மனைவியைச் சாவி திருப்பச் சொன்னேன். இன்ஜின் எப்போதும் போல எழுந்தது. அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மீட்டர் பிடித்து வைத்திருந்த எண் 8.9. செல்ஃப் சுற்றும் அந்த அரை நொடியில் வோல்டேஜ் அவ்வளவு கீழே விழுந்திருக்கிறது. 9.6க்குக் கீழே போனால் சந்தேகப்படு என்பது பேட்டரிக்காரர்கள் பொதுவாக வைத்திருக்கும் அளவுகோல். சர்வீஸ் நிலையத்தில் பார்த்த 'தொடர்பு இழந்த' குறியீடுகளும் அந்த நொடியில் பிறந்தவைதான்; பள்ளத்தில் வோல்டேஜ் விழும்போது ஒவ்வொரு கணினியாக ஒரு கணம் கண்ணை மூடித் திறக்கிறது, பக்கத்துக் கணினி 'ஆளைக் காணோம்' என்று எழுதி வைத்துவிடுகிறது. பாடல் திரை சில நாளாக ஏன் நடுநடுவே கறுத்து எழுந்தது என்பதற்கும் பதில் கிடைத்தது.

அன்றே இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. ஓட்டும்போது வோல்டேஜ் பார்க்கலாம் என்று சிகரெட் லைட்டர் துளையில் ஒரு சின்ன மீட்டரைச் செருகினேன். சமவேகத்தில் போகும்போது 12.9 காட்டியது. நான் கற்ற பாடப்படி, ஓடும் வண்டியில் 14 இல்லையென்றால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது. மேம்பாலத்தில் இறங்கும்போது காலை எடுத்தேன்; சட்டென்று 14.7க்கு ஏறியது. மறுபடி மிதித்தேன், இறங்கியது. இது புதிய வண்டிகளின் கஞ்சத்தனம். வேகமெடுக்கும்போது ஆல்டர்னேட்டர் இன்ஜினுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று அதைத் தளர்த்தி வைத்து, வண்டி தானே உருளும்போது மட்டும் முழு மூச்சாகச் சார்ஜ் ஏற்றுகிறார்கள். அந்தச் சார்ஜை வாங்கிக்கொள்ள இடம் வேண்டும் என்பதற்காகவே பல வண்டிகள் பேட்டரியை முழுவதும் நிரப்பாமல் சற்றுக் குறைவாகவே வைத்திருக்கும். பழைய அளவுகோலோடு போயிருந்தால் நல்ல ஆல்டர்னேட்டர் ஒன்றை மாற்றியிருப்பேன்.

ஏன் இத்தனை வம்பு என்று கேட்டால், ஒரு சின்னப் பெட்ரோல் இன்ஜின் நின்ற இடத்தில் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும் என்பது ஒன்று. ஐரோப்பாவில் பல ஆண்டுகள் புழங்கிய எரிபொருள் சோதனையில் 1180 நொடிகளில் கிட்டத்தட்டக் கால்வாசி நேரம் வண்டி சும்மா நிற்கும் என்பது இன்னொன்று. இந்தியாவின் சோதனையும் அதை ஒட்டி உருவானதுதான். சும்மா நிற்கும்போது இன்ஜினை அணைக்கிற வண்டிக்குத் தாளில் நல்ல மதிப்பெண் கிடைக்கும். எந்தக் காரணம் முதலில் வந்தது என்று எனக்கொரு சந்தேகம் எப்போதும் உண்டு.

பல்லாவரத்தில் ஒரு சந்துக்குள் ஆட்டோ எலக்ட்ரீசியன் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் இருக்கிறார். முப்பது ஆண்டுகளாக வயரிங் வேலைதான். அவரிடம் கைக்கு அடக்கமான ஒரு டெஸ்டர் இருந்தது. பேட்டரிக்குள் சிறு அதிர்வை அனுப்பி, உள்ளே எவ்வளவு தடை இருக்கிறது என்று பார்த்துத் திறனைக் கணிக்கும் கருவி. மாட்டுவதற்கு முன் பேட்டரி மேல் ஒட்டியிருந்த தாளைக் கையால் துடைத்து இரண்டு விஷயம் படித்தார்: வகை இ.எஃப்.பி. (ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்கென்று செய்த வகை), சி.சி.ஏ. (குளிரில் பேட்டரி கொடுக்கும் வலு) 420. இரண்டையும் டெஸ்டரில் பதித்த பிறகுதான் அளந்தார்.

அதைப் பார்த்ததும் எனக்கு உறைத்தது. முந்தைய வாரம் ஒரு பேட்டரிக் கடையில் இதே போன்ற கருவியால் அளந்து 'நல்ல நிலை' என்று சீட்டு கொடுத்திருந்தார்கள். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சீட்டைக் கண்ணருகே பிடித்தார். சாதாரண பேட்டரி, 250 என்று பதித்து அளந்திருந்தார்கள். 250க்கு 238 இருந்தால் யாரும் நல்லது என்றுதான் சொல்வார்கள். அவருடைய கருவி 231 காட்டியது. 420க்கு 231. "ஐம்பது மார்க் பரீட்சையில் நாற்பத்தெட்டு வாங்கினான் என்றார்கள். பரீட்சை நூற்றுக்கு தம்பி" என்றார்.

சி.சி.ஏ. என்பது மைனஸ் 18 டிகிரி குளிரில் அரை நிமிடம் பேட்டரி கொடுக்கக்கூடிய ஆம்பியர். சென்னைக்கும் அந்தக் குளிருக்கும் ஏழேழு பிறவிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பேட்டரியின் உள்வலுவுக்கு அந்த எண் நல்ல அடையாளம். நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது வெயில். பானெட்டுக்குள் இன்ஜின் சூட்டோடு வெயிலும் சேர்ந்து உள்ளிருக்கும் ஈயச் சட்டத்தை அரிக்கிறது. குளிர்நாட்டில் ஆறேழு ஆண்டு ஓடுவது இங்கே மூன்று நான்கில் முடிந்துவிடும்.

இருந்தாலும் பாய் உடனே மாற்றச் சொல்லவில்லை. காலியாக இருப்பது வேறு, செத்துப்போனது வேறு. சட்டியில் இல்லையா, சட்டியே ஓட்டையா என்று பார்க்க வேண்டும் என்றார். இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றினார். சார்ஜரின் சிவப்பு முனையைப் பேட்டரியில் மாட்டியவர், கறுப்பு முனையைப் பேட்டரியில் மாட்டாமல் தள்ளி இருந்த உலோக எர்த் புள்ளியில் மாட்டினார். மைனஸ் முனையை அணைத்தபடி உட்கார்ந்திருக்கும் தீப்பெட்டி அளவு பேட்டரி சென்சாரைக் காட்டி, "இவன்தான் கணக்குப்பிள்ளை. உள்ளே வருவதும் வெளியே போவதும் இவன் வழியாகத்தான் போக வேண்டும். நேராகப் பேட்டரியில் மாட்டினால் இவனுக்குத் தெரியாமல் சரக்கு இறங்கிவிடும்" என்றார். அந்த வாக்கியத்தை அன்று ரசித்ததோடு விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து அது திரும்பி வந்து கன்னத்தில் அறைந்தது.

மறுநாள் ஓய்ந்த வோல்டேஜ் 12.7. ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்தது. துரைப்பாக்கம் சிக்னலில் இன்ஜின் அணைந்தபோது சிறு பிள்ளை போலச் சிரித்தேன். சி.சி.ஏ. மட்டும் 231லிருந்து 250ஐத் தாண்டவில்லை. இரண்டாம் நாள் மாலை மறுபடி மறுப்பு. சட்டி ஓட்டை.

பழைய பேட்டரியைக் கழற்றும்போது பாய் கேட்டார்: "சிக்னலுக்கு சிக்னல் அணைத்துத்தான் ஓட்டுவீர்களா?" இல்லை, பொத்தானை அமுக்கிவிடுவேன் என்றேன். "அப்படியென்றால் இது இவ்வளவு தேய்ந்திருக்க வேண்டியதில்லையே" என்று முணுமுணுத்தார். நான்கு வருட வெயில் என்று நானே சமாதானம் சொன்னேன். அவரும் விட்டுவிட்டார்.

அவர் கேட்டதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. என் அலுவலகப் பாதையில் போகவர இருபத்தெட்டு முறை நிற்க நேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு, விசிறி, திரை எல்லாம் சேர்ந்து 25 ஆம்பியர். ஒரு நிறுத்தம் ஒன்றரை நிமிடம். ஒரு நிறுத்தத்துக்கு ஏறத்தாழ 0.6 ஆம்பியர்-மணி, நாளுக்குப் பதினேழு. 45 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து தினமும் பதினேழு எடுத்துத் திரும்ப வைப்பது, செல்ஃபுக்காக மட்டும் செய்யப்பட்ட சாதாரண பேட்டரியால் ஆகாத காரியம். அதற்காகத்தான் தகடுகளில் கூடுதல் வலைப்போர்வை போர்த்திய இ.எஃப்.பி., அதற்கும் மேலே கண்ணாடி இழைப் பஞ்சில் அமிலத்தைத் தேக்கி வைக்கும் ஏ.ஜி.எம். என்று இரண்டு வகை. கடைக்காரர்கள் குறைந்த விலையில் சாதாரண பேட்டரியை நீட்டுவார்கள், அளவு சரியாக உட்காரும், செல்ஃபும் எடுக்கும். கீழ்வீட்டுக்காரர் அப்படிப் போட்டுவிட்டு ஒரு வருடத்துக்குள் மறுபடி வாங்கினார். வண்டி எந்த வகையோடு வந்ததோ அந்த வகை அல்லது அதற்கு மேல். கீழே இறங்கக் கூடாது.

புதிய இ.எஃப்.பி. போட்டதும் உடனே வேலை செய்யும் என்று எதிர்பார்த்து ஏமாந்தேன். முதல் இரண்டு நாள் அணையவில்லை. கணக்குப்பிள்ளைக்கு முதலாளி மாறியது தெரியாது. பழைய நோட்டையே வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கிறான். என் வண்டியில் சில நாள் விட்டால் தானே திருத்திக்கொள்ளும். சில ஜெர்மன் வண்டிகளில் புதிய பேட்டரியின் விவரத்தைக் கருவி மாட்டிப் பதிவு செய்தே ஆக வேண்டும். மூன்றாம் நாள் சரியானது. புதுக் காதலில் நானும் பொத்தானை அமுக்குவதை விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை. மஞ்சள் விளக்கு.

செவ்வாய் என்பது முக்கியம். எனக்கு அலுவலகம் செவ்வாய், புதன், வியாழன் மட்டும். வியாழன் இரவு நிறுத்தினால் பெரும்பாலும் செவ்வாய் காலைதான் வண்டியை எடுப்பேன். நிற்கும்போது எதுவோ உறிஞ்சுகிறது என்று புரிந்தது. அளந்துவிடலாம் என்று இறங்கினேன். மைனஸ் முனையில் இருக்கும் சென்சாரைத் தொடப் பயம். அதனால் அதன் மறுபக்கத்தில் தடித்த எர்த் கேபிள் வந்து சேரும் நட்டைக் கழற்றி, இடையில் மல்டிமீட்டரைப் பத்து ஆம்பியர் துளையில் வைத்து இணைத்தேன். பானெட் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் தட்டி, மூடிவிட்டதாக வண்டியை நம்பவைத்தேன். சாவியைத் தூர வைத்தேன். கணினிகள் எல்லாம் உறங்க அரை மணி நேரம் ஆகும்; பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். 3 ஆம்பியரில் தொடங்கி, படிப்படியாக இறங்கி, கடைசியில் 0.02. ஒழுகலே இல்லை. 0.05 வரை இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை என்பார்கள். இதுவோ அதில் பாதிகூட இல்லை.

புதிய பேட்டரியே மோசம், வாரண்டியில் மாற்றித் தாருங்கள் என்று சண்டை போடும் உத்தேசத்தோடு பாயிடம் போனேன். அவர் பேட்டரியை அளக்கவில்லை. குனிந்து மைனஸ் முனையை உற்றுப் பார்த்தார். சென்சாரைப் பேட்டரியோடு இறுக்கும் போல்ட்டின் அடியில், ஒரு சின்ன வளையத்தோடு, நூல் போன்ற ஒரு கறுப்பு வயர். விரல் நுனியால் தூக்கிப் பார்த்தார். வயர் பேட்டரியின் ஓரமாக ஓடி, ரப்பர் அடைப்பு வழியாக உள்ளே போய் மறைந்தது. கூடவே ஒரு சிவப்பு வயர், நேராகப் பிளஸ் முனைக்கு. "இது யார் வீட்டுக் குழாய்?" என்றார்.

என் வீட்டுக் குழாய்தான். சென்ற ஆண்டு வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ கதவில் கோடு கிழித்துவிட்டுப் போனார்கள். அந்தக் கோபத்தில், நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யும் டேஷ் கேமரா ஒன்றை வாங்கி ஒரு துணைப்பொருள் கடையில் மாட்டினேன். பையன் வயர் வெளியே தெரியாமல் அழகாக ஒளித்துக் கொடுத்தான் என்று பாராட்டிப் பணம் வேறு கூடக் கொடுத்தேன்.

பாய் கிளாம்ப் மீட்டரை எடுத்து அந்தச் சிவப்பு வயரைக் கவ்வினார். 0.28 ஆம்பியர். வியாழன் இரவு எட்டிலிருந்து செவ்வாய் காலை எட்டு வரை 108 மணி நேரம். பெருக்கினால் முப்பது ஆம்பியர்-மணி. 45இல் முப்பது. பேட்டரி இறங்கினால் தானே நின்றுவிடும் என்று கேமராவுடன் வந்த பெட்டியில் எழுதியிருந்ததே? பெட்டியிலிருந்த குட்டி சுவிட்ச் 11.8இல் நிறுத்தப்பட்டிருந்தது. 11.8 என்றால் துடைத்து வழித்த நிலை. முப்பது ஆம்பியர்-மணி போன பிறகும் வோல்டேஜ் 12ஐச் சுற்றித்தான் இருக்கும். அது நிறுத்தவே நிறுத்தாது.

நான் ஏன் அளந்து பிடிக்க முடியவில்லை என்பது அதைவிட வேடிக்கை. கேமராவின் கறுப்பு வயர் சென்சாருக்கு முன்னால், பேட்டரிப் பக்கத்திலேயே சேர்ந்திருந்தது. நானோ சென்சாருக்குப் பின்னால் அளந்தேன். முன்வாசலில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன், மூட்டை பின்கட்டு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. கணக்குப்பிள்ளை சென்சாரும் ஓராண்டாக அதே முன்வாசலில்தான் உட்கார்ந்திருந்தது. அதன் நோட்டுப்படி பேட்டரியில் நிறைய இருக்கிறது. உண்மையில் மூன்றில் ஒரு பங்கு. கணக்கை நம்பி வண்டி இன்ஜினை அணைக்கிறது. எழுப்பும்போது வோல்டேஜ் எதிர்பாராத பள்ளத்தில் விழுகிறது. அதிர்ச்சியில் மஞ்சள் விளக்கு. பேட்டரி மட்டும் பழசாகியிருந்தால் சென்சார் அதை உணர்ந்து மறுப்போடு நிறுத்தியிருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அது புகாராக முற்றியதற்கு நான் நம்பும் விளக்கம் அந்த நூல் வயர்தான். பாய் அவ்வளவு தூரம் போகவில்லை. "கணக்கில் வராத செலவு" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

வேலை பத்து நிமிடம். கறுப்பு வயரைப் பேட்டரியிலிருந்து எடுத்து உடம்பு எர்த்தில் மாட்டினார். சுவிட்சை 12.4க்கு நகர்த்தினார். வயரைக் கழற்றி மாட்டியதற்கு ஐம்பது ரூபாய் வாங்கினார், அதையும் டீக்கு என்றார். கேமரா இப்போது நிறுத்திய சில மணி நேரத்தில் தானே அணைந்துவிடுகிறது. கதவில் இன்னொரு கோடு விழுந்தால் விழட்டும்.

ஜனவரிக் கடைசியில் அம்மாவோடு மறுபடி மயிலாப்பூர். முந்தைய நாள் காலை 12.61 என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை. மத்திய கைலாஷில் சிவப்பு விழுந்தது. நியூட்ரலுக்குத் தள்ளிக் காலை எடுத்தேன். இன்ஜின் ஒரு சின்னக் குலுக்கலோடு அணைந்தது. விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்து ஆட்டோவின் ரேடியோகூடத் தெளிவாகக் கேட்டது.

பின் இருக்கையிலிருந்து ஒரு பெருமூச்சு. "மறுபடியும் கெட்டுப்போய்விட்டதா?" என்றார் அம்மா.